பெரிய நிலநடுக்கங்கள் பெருகிவிட்டனவா?

கேள்வி: ஐயா, நான் தோட்டத்தில் வளர்ந்த காலத்தில் நிலநடுக்கம் என்ற பேச்சே கிடையாது. 2004-இல் கோத்தா கோலமூடாவைச் சுனாமி அடித்தது. 2025-இல் மியன்மார், ரஷ்யா, கடைசியில் நம் சிகாமட் வரை ஆடிவிட்டது. பூமிக்கு என்ன ஆயிற்று?
– வாசகி, பீடோங்

பதில்: அம்மா, பூமி மாறவில்லை. உலகம் முழுக்க 7 அளவுக்கு மேற்பட்ட நிலநடுக்கங்கள் ஆண்டுக்குச் சராசரியாக 15 வரும். 8-ஐத் தாண்டுவது ஒன்று. 1989-இல் அந்த எண்ணிக்கை பத்தைக்கூட எட்டவில்லை. 2010-இல் இருபதைத் தாண்டியது. தாயக்கட்டையில் தொடர்ந்து பன்னிரண்டு விழுவதில்லையா, அப்படித்தான்.

நீங்கள் வளர்ந்த காலத்தையும் பார்க்க வேண்டும். 1950-இல் அசாம் 8.6, 1952-இல் கம்சட்கா 9.0, 1960-இல் சிலி 9.5, 1964-இல் அலாஸ்கா 9.2. ஆனால் 1965-க்குப் பிறகு 2004 டிசம்பர் வரை 8.5-ஐத் தொட்ட நிலநடுக்கம் ஒன்றுகூட இல்லை. அந்த நாற்பதாண்டு அமைதியைத்தான் நாம் இயல்பு என்று நினைத்துக்கொண்டோம். அதன்பின் சுமத்ரா 9.1, நியாஸ் தீவு 8.6, சிலி 8.8, ஜப்பான் 9.1 என்று ஏழே ஆண்டுகளில் வரிசையாக வந்தன. இவற்றில் நியாஸ் மட்டும் தற்செயல் அல்ல. 2004-இல் பிளந்த பகுதி, பக்கத்துப் பகுதியின் மீது அழுத்தத்தை ஏற்றியது. மூன்றே மாதத்தில் அதுவும் நழுவியது. சிலிக்கும் ஜப்பானுக்கும் அப்படித் தொடர்பு எதுவும் இல்லை என்றே கணக்குகள் காட்டுகின்றன.

சிகாமட்டை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது 4.1. ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். ஆக, சுமத்ராவில் வெளிப்பட்டது அதைப்போல ஏறக்குறைய 3 கோடி மடங்கு! சிறிய அதிர்வுகளையும் கருவிகள் இப்போது பிடித்துவிடுகின்றன, கைப்பேசி உடனே சொல்லிவிடுகிறது; அதனால்தான் பெருகிவிட்டதுபோல் தோன்றுகிறது.

நம் கெடா மாநிலத்துக்கு உண்மையான ஆபத்து சுமத்ராவின் மேற்கே, கடலடியில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலை 8.58-க்கு அங்கே நிலம் பிளந்தது. அச்சே முனையைச் சுற்றி அலை நம் கரைக்கு வந்தபோது நண்பகல் தாண்டிவிட்டது. அவ்வளவு நேரம் இருந்தும் எச்சரிக்க வழியில்லாமல் மலேசியாவில் 68 பேரை இழந்தோம். அதுதான் என்னை இன்றும் வருத்துகிறது. இப்போது வானிலைத் துறையில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது.

பீடோங் கடலிலிருந்து தள்ளி இருக்கிறது. ஆனால் விடுமுறைக்குக் கடற்கரை போயிருக்கும்போது சைரன் ஒலித்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ பிள்ளைகளுடன் உடனே மேட்டுப் பக்கம் போய்விடுங்கள். முதல் அலை ஓய்ந்ததும் திரும்பாதீர்கள்; பின்னால் வரும் அலை அதைவிடப் பெரிதாக இருக்கலாம்.