மலை ஏறுபவனும் மலைக்குச் சொந்தக்காரனும்



பள்ளியில் தமிழ் இலக்கியம் எடுத்தவர்களுக்குக் 'கருப்பொருள்' என்ற சொல் ஞாபகம் இருக்கும். ஒரு நிலத்தைப் பற்றிப் பேசும்போது அதன் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாவற்றையும் ஒரே கொத்தாகச் சேர்த்துச் சொல்கிறது தொல்காப்பியம். குறிஞ்சி நிலம் என்றால் முருகன், தினை, தேன். இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிட்டோம். ஆனால் அதற்குள் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. அந்தக் கொத்தில் தொழில் மட்டும் மாறினால் மற்றவை என்ன ஆகும்? மலையில் விதைத்துப் பிழைத்தவர்கள், மலை பார்க்க வருகிறவர்களை வைத்துப் பிழைக்க ஆரம்பித்தால், அந்த மலைத் தெய்வம் எங்கே போகும்?

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கு. சபாவின் ரானாவ் மாவட்டம், கினாபாலு மலை. உயரம் 4,095 மீட்டர். 1964-இல் கினாபாலு பூங்கா அமைந்தது. 2000-இல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலமானது. குனோங் முலுவும் கினாபாலுவும்தான் மலேசியாவில் முதலில் அந்தப் பட்டியலில் ஏறியவை. 2023-இல் உலகப் புவிப்பூங்கா என்ற தகுதியும் கிடைத்தது. நாம் மலையேறப் போனால் பார்ப்பது இந்தப் பட்டங்களைத்தான். அடிவாரத்தில் இருக்கும் டூசுன் மக்களுக்கு அது வேறு ஒன்று. இறந்தவர்களின் ஆவி போய்த் தங்கும் இடம் அது. இன்று அவர்களில் கிறிஸ்துவர்களும் இருக்கிறார்கள், முஸ்லிம்களும் இருக்கிறார்கள். ஆனாலும் மலை மேல் உள்ள மரியாதை குறையவில்லை. திருவண்ணாமலையில் மலையையே லிங்கமாகப் பார்க்கிற நமக்கு இது புரிவது கஷ்டமில்லை.

வெளியாள் ஏறின கதை 1851-இல் தொடங்குகிறது. லாபுவானில் பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்த ஹியூ லோ என்பவர் கியாவ் கிராமத்து ஆட்களை வழிகாட்டியாகக் கூட்டிக்கொண்டு மேலே போனார். அவர் உச்சியைத் தொடவில்லை. உச்சியைத் தொட்டவர் 1888-இல் போன ஜான் வைட்ஹெட். ஆனாலும் உச்சிக்கு இன்று வரை 'லோ சிகரம்' என்றுதான் பெயர்! வழி காட்டிய கியாவ் ஆட்களின் பெயர் எந்த உச்சியிலும் இல்லை. பிற்காலத்தில் குந்திங் லாகாடான் என்ற டூசுன் வழிகாட்டியின் பெயரை மேலே உள்ள ஒரு தங்குமிடத்துக்கு வைத்தார்கள். அதுவாவது நடந்ததே என்று சொல்லிக்கொள்ளலாம்.

பணம் எப்படிப் போகுது என்று பார்ப்போம். கினாபாலுவில் வழிகாட்டி இல்லாமல் யாரும் ஏற முடியாது, அது சட்டம். வழிகாட்டியை மலாயில் 'மாலிம் குனோங்' என்பார்கள். தீம்போஹோன் நுழைவாயில் ஏறக்குறைய 1,866 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பானாலாபானுக்கு நடந்து, ஒரு ராத்திரி தங்கி, விடியற்காலை இரண்டரை மணி வாக்கில் உச்சிக்குக் கிளம்புவார்கள். பானாலாபானுக்கு ரோடு கிடையாது, கேபிள் கார் கிடையாது. அங்கே நாம் சாப்பிடும் சோறும் முட்டையும், சமைக்கிற கேஸ் சிலிண்டரும்கூட மனிதர் முதுகில்தான் ஏறும். சுமை தூக்குபவருக்குக் கிலோ கணக்கில் கூலி. இந்த வேலைகள் பெரும்பாலும் கியாவ், புண்டு துஹான் போன்ற சுற்றுக் கிராமங்களுக்குத்தான் போகின்றன. பெண்களும் இதில் இருக்கிறார்கள். வழிகாட்டி கட்டாயம் என்ற அந்த ஒரு விதி இல்லையென்றால், மலைக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி கோத்தா கினாபாலு பயண ஏஜெண்டுகளோடு நின்றுபோயிருக்கும் என்றே நான் நினைக்கிறேன். மேலே உள்ள தங்கும் விடுதிகளை நடத்துவது 1998-லிருந்து தனியார் கம்பெனிதான். ஒரு நாளைக்கு எத்தனை பேர் ஏறலாம் என்பதும் மேலே எத்தனை படுக்கை இருக்கு என்பதை ஒட்டித்தான் வருகிறது. அதாவது கிராமத்து ஆளின் வருமானத்துக்கு வால்வு வேறொருவர் கையில் இருக்கிறது. பொறியியல் படிக்கிறவனுக்கு இப்படித்தான் தோன்றும், மன்னிச்சிடுங்க.

2015 ஜூன் 5. காலை 7.15. நிலநடுக்கத்தின் அளவு 6.0. மலையில் பாறைகள் சரிந்தன. 18 பேர் இறந்தார்கள். அவர்களில் சிங்கப்பூர் தஞ்சோங் காத்தோங் தொடக்கப்பள்ளியின் பிள்ளைகளும் ஆசிரியர்களும் இருந்தார்கள், உள்ளூர் வழிகாட்டிகளும் இருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் மேலே மாட்டிக்கொண்டார்கள். வானிலை மோசமாகி ஹெலிகாப்டர் இறங்க முடியாமல் போனபோது அவர்களை நடத்தியே கீழே கொண்டு வந்தவர்கள் இந்த மாலிம்கள்தான். தங்கள் ஆட்களையே இழந்த அதே நாளில் அதைச் செய்தார்கள். அதுவரை நாட்டில் நிறையப் பேருக்கு அவர்கள் 'பையைத் தூக்கி வருகிற ஆள்' மட்டும்தான். மலேசியர்கள் மாலிம் என்ற சொல்லை மரியாதையோடு சொல்ல ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

நிலநடுக்கத்துக்கு ஆறு நாள் முன்பு, மே 30-ஆம் தேதி, வெளிநாட்டுச் சுற்றுப்பயணிகள் சிலர் உச்சிக்கு அருகில் ஆடையைக் களைந்து படம் எடுத்துக்கொண்டார்கள். நால்வருக்கு மூன்று நாள் சிறையும் ஆளுக்கு 5,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது நீதிமன்றம். கிராமத்தவர்கள் கேட்டது வேறு. 'சொகிட்' கொடுக்கச் சொன்னார்கள். சொகிட் என்பது டூசுன் வழக்கப்படி செலுத்தும் ஈடு. குலைந்துபோன சமநிலையைச் சரிசெய்ய, விலங்காகவோ பொருளாகவோ கொடுப்பது. மலை கோபப்பட்டுத்தான் அதிர்ந்தது என்று பலர் சொன்னார்கள். உலகச் செய்தித்தாள்கள் அதைக் கிண்டலாக எழுதின. நிலத்தடித் தட்டுகளில் சேர்ந்த அழுத்தம் பிளவுக்கோட்டில் விடுபட்டது, அதுதான் காரணம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கோயில் வாசலில் செருப்போடு நுழைபவனைப் பார்த்து நாம் கோபப்படும்போது புவியியல் காரணம் கேட்டா கோபப்படுகிறோம்? அந்த மக்கள் சொன்னது, 'இது உங்கள் விளையாட்டுத் திடல் இல்லை, எங்கள் ஊர்' என்பதுதான். அதைக் கேட்க ஒரு சமூகத்துக்கு உரிமை உண்டு.

இங்கேதான் நம் கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. தொழில் மாறியும் தெய்வம் போகவில்லை, ஏனென்றால் புதிய தொழிலுக்குள்ளேயே அதற்கு இடம் வைத்தார்கள். 'மோனோலோப்' என்று ஒரு சடங்கு உண்டு. போபோலியான் எனப்படும் பூசாரி ஏழு வெள்ளைக் கோழி, ஏழு முட்டை, வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை வைத்து மலையேற அனுமதி கேட்பார். (நம் குலதெய்வப் படையலைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தட்டு ரொம்பப் பழக்கமாக இருக்கும்.) முன்பு ஒவ்வொரு ஏற்றத்துக்கும் செய்தது, இப்போது ஆண்டுக்கு ஒரு முறை எல்லோருக்கும் சேர்த்துப் பூங்கா நிர்வாகத்தின் பங்கோடு நடக்கிறது. சுற்றுக் கிராமத்தவர்கள் தங்கள் மலைக்கு யாத்திரையாக ஏறுவதற்கென்று ஒரு நாளும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. கைலாய மலையில் யாரும் ஏறுவதில்லை, சுற்றித்தான் வருகிறார்கள். டூசுன் மக்கள் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏறலாம், ஆனால் கேட்டுவிட்டு ஏறணும்.

மலையை விட்டு இறங்கினாலும் இதே கதைதான். கம்போங் லுவாந்தியில் மொரோலி ஆறு ஓடுகிறது. 'தகால்' என்ற பழைய வழக்கப்படி ஆற்றின் ஒரு பகுதியில் மீன் பிடிக்க ஊரே தடை போட்டது. மீறினால் சொகிட். மீன் பெருகியது. இன்று ஆட்கள் காசு கொடுத்து ஆற்றில் கால் வைத்து உட்காருகிறார்கள், பெரிய பெரிய மீன்கள் வந்து காலை மொய்க்கின்றன! போரிங் வெந்நீர் ஊற்றுப் பக்கம் போனால் சாலையோரம் கையால் எழுதிய பலகை தொங்கும்: ரஃப்லீசியா பூத்திருக்கிறது. அந்தப் பூ மலர்ந்து ஒரு வாரம்கூட நிற்பதில்லை. முன்பு மொட்டைப் பறித்து மருந்துக்கு விற்றார்கள். இப்போது தன் நிலத்தில் பூத்ததை வேலி கட்டிப் பாதுகாத்துக் காட்டினால், பறித்ததைவிட அதிகம் கிடைக்கிறது. பூவைக் காப்பாற்றச் சொல்லி யாரும் அவர்களுக்கு வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று சொல்ல வரவில்லை. குண்டாசாங்கைப் பாருங்கள். முட்டைக்கோசும் தக்காளியும் விளைந்த சரிவுகளில் இப்போது வரிசையாக ஹோம்ஸ்டே. மலை தெரிகிற மாதிரி கண்ணாடிச் சுவர் வைத்த அறைகள். அந்தப் பகுதி நிலச்சரிவுக்குப் பெயர்போனது. சரிவை வெட்டித் தளம் போட்டால் மழைநீர் போகிற வழி மாறும், மண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறும், பிடிப்பு குறையும். மண் பொறியியல் முதல் பாடத்திலேயே வருவது இது. விடுமுறை நாளில் வாகன நெரிசல் வேறு. 2015-இல் உச்சி மூடி டிசம்பர் 1-ஆம் தேதிதான் மறுபடி திறந்தார்கள். ரானாவ் பாதை என்ற புதிய வழியும் அப்போது வந்தது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் எல்லாமே நின்றது. ஐந்து வருஷத்தில் இரண்டு முறை வருமானம் பூஜ்யம். காய்கறித் தோட்டத்தை விடாமல் வைத்திருந்த குடும்பங்கள் சமாளித்தன. தோட்டத்தையும் ஹோம்ஸ்டே ஆக்கியவர்கள் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த ஹோம்ஸ்டேக்களில் பல உள்ளூர்க்காரர் கையில் இருப்பதற்குக் காரணம் ஒன்று உண்டு. சபாவின் 1930-ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி, பூர்வீக உரிமை நிலத்தைப் பூர்வகுடி அல்லாதவருக்கு விற்க முடியாது. நம் தாத்தா பாட்டி காலத்துத் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். காட்டைத் திருத்தி, ரப்பர் வெட்டி, கோயில் கட்டி, திருவிழா நடத்தி மூணு தலைமுறை வாழ்ந்தோம். நம் பேரில் ஒரு துண்டு நிலப்பட்டா இல்லை. தோட்டம் கைமாறி கோல்ஃப் மைதானமாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் ஆனபோது கோயிலையும் எடுத்துக்கொண்டு நகர வேண்டியதாயிற்று. கோல்ஃபும் வெளிப்புறப் பொழுதுபோக்குதான். ஆனால் அந்தப் பணத்தில் நமக்குப் புல் வெட்டும் கூலி மட்டும்தான் வந்தது. டூசுன் மக்களிடம் நிலமும் வழக்கமும் இருந்ததால், அவர்கள் வருகிறவனுக்கு விதி போட்டார்கள். நாம் அடுத்தவன் போட்ட விதியில் வாழ்ந்தோம்.

அடுத்த தடவை கிளையில் சுற்றுலாவுக்கு இடம் தேடும்போது ரானாவைப் பட்டியலில் சேருங்கள். போவதற்கு முன் செயற்குழு உட்கார்ந்து ஒரு கணக்குப் போடலாம். ஆளுக்கு ஆகும் செலவில் விமானத்துக்கு எவ்வளவு, விடுதிக் கம்பெனிக்கு எவ்வளவு, வழிகாட்டிக்கும் சுமை தூக்குபவருக்கும் காய்கறி விற்கும் அம்மாவுக்கும் எவ்வளவு என்று பலகையில் எழுதிப் பாருங்கள். மலையேறாதவர்கள் லுவாந்தி ஆற்றுக்குப் போகலாம், அங்கே கட்டணம் ஊர்ப் பொதுநிதிக்குப் போகிறது. மாலிமிடம் பேச்சுக் கொடுங்கள், அவர் ஊர்ப் பெயரைக் கேளுங்கள். மேலே போனதும் கத்திக் கூச்சல் போட வேண்டாம். அங்கே யாரோ ஒருவருடைய பாட்டன் தூங்குகிறார்.