மாடியில் தக்காளி: இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்க!

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். சென்னையில் நியாய விலைக் கடைகள் மூலம் கிலோ 60 ரூபாய்க்கு அரசே விற்க வேண்டிய நிலை வந்தது. நாலு தொட்டி வைத்து நாமே வளர்த்தால் என்ன என்று அப்போது பல வீடுகளில் பேச்சு எழுந்திருக்கும். வளர்ப்பதில் பெரிய சிரமம் இல்லை. பூ வைக்கும் முன்பே இலை சுருண்டு, செடி குட்டையாக நின்றுவிடுவதுதான் பலருக்கும் வரும் பிரச்சினை. உடனே கடையில் கேட்டு ஏதோ ஒரு பூச்சிமருந்தை வாங்கி அடித்துவிடுகிறார்கள். அதே செடியில் குழந்தை பழத்தைப் பறித்து அப்படியே கடிக்கும் என்பதை அந்த நேரத்தில் யோசிப்பதில்லை.

சுருண்ட இலையை எந்த மருந்தும் நிமிர்த்தாது. அது வைரஸ் நோய். பரப்புவது வெள்ளை ஈ. செடியை லேசாகத் தட்டினால் மாவு தூவியது போலப் பறக்குமே, அதுதான். அது இலையின் அடிப்பக்கத்தில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். நாம் மேலே மட்டும் பார்த்துவிட்டு, செடி நல்லா இருக்கு என்று இறங்கி வந்துவிடுகிறோம். தினமும் காலையில் தண்ணீர் ஊற்றும்போது நாலைந்து இலைகளைத் திருப்பிப் பாருங்க. ஆறு பைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

முதல் ஒரு மாதம்தான் மிக முக்கியம். நாற்று விடும் தட்டை நெருக்கமாகப் பின்னிய நைலான் வலையால் மூடி வையுங்கள். கொசுவலை போதாது, அதன் துளை வழியாக வெள்ளை ஈ நுழைந்துவிடும். 25 நாள் நாற்றைப் பைக்கு மாற்றி நட்டதும், ஒரு மஞ்சள் நிற ஒட்டும் அட்டையைச் செடி உயரத்துக்குக் கட்டுங்கள். மஞ்சள் நிறத்தைத் தேடி வரும் ஈ அதில் ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும். இத்தனைக்குப் பிறகும் ஒரு செடி சுருண்டால், மனசு கேட்காதுதான். ஆனாலும் பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். ஒன்றைக் காப்பாற்றப் போய் ஆறையும் இழக்க வேண்டாம்.

விதையிலேயே பாதி வேலை முடியும். பெங்களூரு இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'அர்கா ரக்ஷக்' வீரிய ஒட்டு ரகம், இலைச்சுருள் உள்ளிட்ட மூன்று நோய்களைத் தாங்கும். நம் பெரியகுளத்தின் பி.கே.எம்.1 சாதாரண ரகம். அதன் பழத்திலிருந்தே அடுத்த முறைக்கு விதை எடுக்கலாம்.

எப்போது விதைப்பது? திருவண்ணாமலை வெயிலைச் சொல்லவே வேண்டாம். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் பூ உதிரும், காய் பிடிக்காது. அதனால் சித்திரையில் ஆரம்பிக்காதீங்க. தீபத் திருவிழாவுக்குக் கொடியேறும் சமயத்தில், மழை நேரடியாக விழாத இடத்தில் விதை போட்டால், மார்கழியில் நடலாம், மாசியில் பழம் பார்க்கலாம்.

காய் வந்த பிறகு வரும் தொல்லை வேறு. காய்ப்புழு தலையை மட்டும் காய்க்குள் நுழைத்து, உடம்பை வெளியே விட்டுக்கொண்டு தின்னும். கையால் எடுத்து சோப்புத் தண்ணீரில் போடுவதே போதும். துளை விழுந்த காயைத் தொட்டியிலேயே போட்டு வைக்காதீர்கள். வயலில் செய்வது போல, மாடியிலும் இரண்டு தொட்டியில் துலுக்க சாமந்தி வையுங்கள். தக்காளி பூக்கும்போது அதுவும் பூத்திருந்தால், காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி அங்கே முட்டையிடப் போகும். இலையில் வெள்ளைக் கொப்புளம் போலத் திட்டுகள் தெரிந்தால் அது ஊசிப்புழுவாக இருக்கலாம். தென் அமெரிக்காவிலிருந்து பரவி, 2014-ல் மகாராஷ்டிரத்தில் தென்பட்ட பூச்சி அது. அந்த இலைகளைக் கிள்ளி, பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டிவிடுங்கள்.

காயின் அடிப்பாகம் மட்டும் கறுத்து அமுங்கினால் அது பூச்சியும் இல்லை, நோயும் இல்லை. ஒருநாள் வெள்ளமாக ஊற்றி இரண்டு நாள் காயவிட்டால், செடிக்குச் சுண்ணாம்புச்சத்து ஒழுங்காகப் போய்ச் சேராது. தண்ணீரைத் தினமும் அளவாக ஊற்றுங்கள்; பையின் மேல் காய்ந்த இலைகளைப் பரப்பினால் ஈரம் நிற்கும். இன்னொன்று, பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு செடியைத் தொடுங்கள். புகையிலையிலிருந்து ஒரு வைரஸ் தக்காளிக்குத் தொற்றும்.

மலையை ஒட்டிய தெருக்களில் இருப்பவர்களுக்கு இதையெல்லாம்விடப் பெரிய பூச்சி ஒன்று உண்டு: குரங்கு! அதற்கு வேப்பெண்ணெய் வேலைக்கு ஆகாது. காய் லேசாகச் சிவக்கத் தொடங்கியதுமே பறித்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் நன்றாகப் பழுத்துவிடும்.

செடிப் பை, தென்னை நார்க்கட்டி, விதை, உயிர் உரம், வேம்பு பூச்சிக்கொல்லி எல்லாம் சேர்ந்த மாடித்தோட்டத் தளையை தோட்டக்கலைத் துறை மானியத்தில் வழங்குகிறது. 2021 டிசம்பரில் இத்திட்டம் தொடங்கியபோது 900 ரூபாய் தளையின் விலை 225 ரூபாய். இப்போதைய விலையையும் இருப்பையும் துறையின் இணையதளத்திலோ, உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலோ கேட்டுக்கொண்டு பதிவு செய்யுங்கள். மானியத் திட்டங்கள், வானிலை ஆகியவற்றை 'உழவன்' செயலியில் பார்க்கலாம்.

செடியில் புரியாத எதையாவது கண்டால், இலையின் மேல்புறம், அடிப்புறம், முழுச் செடி என மூன்று படம் எடுத்து அந்த அலுவலகத்தில் காட்டுங்கள். போனிலேயே கேட்க, கிசான் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண் 1800-180-1551. தமிழிலேயே பேசலாம். மருந்துக் கடைக்குப் போகும் முன் இந்த எண்ணைக் கூப்பிடுங்க.