நாலு மணிப் பாடம்

2021 மே மாதம் சென்னையில் இருந்தவர்களுக்கு நான் எதையும் விவரிக்கத் தேவையில்லை. 10-ஆம் தேதி முழு ஊரடங்கு. 24-ஆம் தேதியிலிருந்து மளிகைக் கடையும் மூடல்; காய்கறி வண்டி மட்டும் தெருவுக்கு வந்தது. மே 21 அன்று ஒரே நாளில் தமிழகத்தில் 36,000 பேருக்கு மேல் கொரோனா தொற்று உறுதியானது. ஆஸ்பத்திரி வாசல்களில் 108 ஆம்புலன்ஸ்கள் நோயாளிகளோடு காத்து நின்றன.

பெரம்பூரில் எங்கள் தெருவைச் சேர்ந்த நாங்கள் சிலர், வீட்டுத் தனிமையில் இருந்தவர்களைப் பங்கு போட்டுக்கொண்டோம். காலையும் மாலையும் போன் செய்து ஆக்சிஜன் அளவைக் கேட்டு நோட்டில் குறிக்க வேண்டும். நான் பள்ளி ஆசிரியை, மருத்துவம் தெரியாது. டாக்டர் சொல்லிக் கொடுத்ததை வைத்துத்தான் சமாளித்தேன். ஆக்ஸிமீட்டர் மாட்டுமுன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரச் சொல்ல வேண்டும். நகப்பூச்சு, மருதாணி இருந்தால் வேறு விரல். எண் ஒரு நிலைக்கு வரும்வரை விரலை எடுக்கக் கூடாது. உட்கார்ந்திருக்கும்போது 97 காட்டும். அறைக்குள்ளேயே ஆறு நிமிடம் நடந்துவிட்டுப் பார்த்தால் சிலருக்குச் சட்டென்று இறங்கும். அந்த இறக்கத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. 94-க்குக் கீழே போனால் உடனே டாக்டர்.

இதையெல்லாம் இரண்டு நாளில் கற்றுக்கொள்ளலாம். பேசக் கற்றுக்கொள்வதற்குத்தான் நாளானது. 'எப்படி இருக்கீங்க?' என்று கேட்டால் 'நல்லாருக்கேன்' என்பார்கள், பேச்சு முடிந்துவிடும். 'மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?' என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும். 'ரசம் வச்சேன்... இறங்கல' என்று ஒருவர் சொன்னால், அவருக்கு இன்னொரு முறை போன் செய்ய வேண்டும் என்று அர்த்தம்.

என் பட்டியலில் ஒரு பெரியவர் இருந்தார். ரயில்வே கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவியை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பியதோடு சரி, கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. மகன் வெளிநாட்டில். பதினாறாம் நாள் காரியத்தை மகன் வீடியோவில் பார்த்தார். துக்கம் விசாரிக்க ஒருவரும் அந்த வீட்டுப் படியேற வழியில்லை. அவருக்கும் தொற்று வந்து குணமாகிவிட்டது, அளவு 98. ஆனால் ஒரு சாயங்காலம் சொன்னார்: "நம்பரெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. எதுக்கு இருக்கணும்னுதான் தெரியல."

'தைரியமா இருங்க ஐயா, எல்லாம் சரியாகிடும்' என்று நான் சொல்லவில்லை. அந்த வார்த்தைகள் துக்கத்தில் இருப்பவரின் வாயை அடைத்துவிடும். பேசட்டும் என்று விட்டேன். மனைவியின் கோபம், அவர் அரிசி புடைக்கும் விதம் என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. தினமும் நாலு மணிக்கு மனைவி கையால் காபி வருமாம். இப்போது அந்த நேரத்தைத்தான் கடக்க முடியவில்லை என்றார்.

மறுநாள் அவரிடம் ஓர் உதவி கேட்டேன். பக்கத்துத் தெருவில் ஒரு பெண், பிளஸ் டூ. கணக்கில் இன்டெக்ரேஷன் புரியவில்லை என்று தவித்துக்கொண்டிருந்தாள். "நாலு மணிக்குப் போன்ல சொல்லித் தர முடியுமா ஐயா?" "நான் படிச்சு அம்பது வருஷமாச்சேம்மா" என்று தயங்கினார். பாடப்புத்தகத்தை அவர் போனுக்கு அனுப்பிவைத்தேன். இரண்டொரு நாளில், நான் அளவு கேட்குமுன்பே, "பொண்ணுக்கு மூளை இருக்கு, நிதானம்தான் பத்தல" என்று ஆரம்பித்தார்.

ஜூன் 5-ஆம் தேதி பிளஸ் டூ தேர்வை அரசு ரத்து செய்தது. பாடம் நின்றுவிடும் என்று கவலைப்பட்டேன். அன்று அவரே கூப்பிட்டார்: "பரீட்சை இல்லேன்னா என்னம்மா? அத்தியாயம் பாதியில நிக்குதே!" அந்தப் பெண்ணும் விடவில்லை.

விக்டர் ஃபிராங்கல் என்ற வியன்னா மனநல மருத்துவர் நாஜி வதைமுகாம்களில் அடைபட்டிருந்தவர். பவேரியாவில் ஒரு முகாமில் டைபஸ் காய்ச்சலில் கிடந்தபோது, பறிகொடுத்த தன் கையெழுத்துப் பிரதியைத் திரும்ப எழுதுவதற்காகத் துண்டுக் காகிதங்களில் குறிப்பெடுத்தார். முடிக்க ஒரு வேலை பாக்கியிருந்ததே தன்னைக் காப்பாற்றியது என்று நம்பினார். எங்கள் பெரியவருக்கு அந்த அரை அத்தியாயம் அப்படித்தான் வாய்த்தது.

ஆனால் எல்லோருக்கும் இது போதும் என்று நான் சொல்ல மாட்டேன். நாள்கணக்கில் தூங்காதவர்கள், சாவையே பேசியவர்கள் விஷயத்தில் நாங்கள் துணிந்து எதையும் முயலவில்லை. உடனே வீட்டாருக்குச் சொன்னோம், 104-இல் ஆலோசகரோடு பேச வைத்தோம், மனநல மருத்துவரிடம் அனுப்பினோம். மற்றவர்களைப் பொறுத்தவரை என் அனுபவம் இதுதான்: உதவியை வாங்கிக்கொண்டே இருப்பவருக்கு ஒரு கட்டத்தில் மனம் கூசிப்போகிறது. சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வரும்போது அவரிடமும் ஏதாவது கேளுங்கள். ஊறுகாய் பக்குவம் கேட்கலாம், வங்கிப் படிவத்தை நிரப்பித் தரச் சொல்லலாம். ஒப்புக்குக் கேட்டால் தெரிந்துவிடும்; நிஜமாகவே உங்களுக்குத் தேவையானதைக் கேளுங்கள்.

எங்கள் தெரு நோட்டு இன்னும் இருக்கிறது. பெயர், போன் நம்பர், என்ன மாத்திரை சாப்பிடுகிறார், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்பதற்கெல்லாம் அதில் இடம் உண்டு. அந்த ஜூனில் 'என்ன தெரியும்' என்று இன்னொரு கட்டமும் போட்டோம். தையல், இந்தி, கர்நாடக சங்கீதம், மின்விசிறி பழுது பார்ப்பது என்று அது நிரம்பிக்கொண்டே போகிறது. புதிதாகக் குடிவருகிறவர்களிடமும் கேட்டு எழுதிவிடுகிறோம்.