பாட்டனாரும் பேரப்பிள்ளைகளும்: பாசமும் பங்கும்

பெற்றோரின் உரிமைகளைப் பற்றி நம் மிம்பர்களில் அடிக்கடி பேசப்படுகிறது. பிள்ளைகளை வளர்க்கும் முறை பற்றியும் பேசப்படுகிறது. ஆனால் வீட்டுத் திண்ணையில் தஸ்பீஹ் மணியை உருட்டிக் கொண்டிருக்கும் உப்பாவைப் பற்றியும், உள்ளே முஸல்லாவில் அமர்ந்திருக்கும் உம்மும்மாவைப் பற்றியும் மார்க்கம் என்ன கூறுகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்? அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டியது யாது? அவர்களுக்கு நாம் செய்ய வேண்டியது யாது? இதனைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பாட்டனார் நிழலில் வளர்ந்த பெருமானார்

நாயகம் (ஸல்) அவர்கள் பிறக்கும் முன்னரே தந்தை அப்துல்லாஹ் இறந்துவிட்டார்கள். ஆறு வயதில், யத்ரிபிலிருந்து திரும்பும் வழியில், அப்வா என்னுமிடத்தில் அன்னை ஆமினாவும் மறைந்தார்கள். பணிப்பெண் உம்மு ஐமன் அவர்கள் அக்குழந்தையை மக்காவுக்குக் கொண்டு வந்து பாட்டனார் அப்துல் முத்தலிப் கையில் ஒப்படைத்தார்கள்.

கஃபாவின் நிழலில் அப்துல் முத்தலிபுக்கென ஒரு விரிப்பு போடப்படும். மரியாதை கருதி அவருடைய ஆண்மக்கள் கூட அதில் உட்கார மாட்டார்கள், சுற்றியே அமர்வார்கள். சிறுவரான பெருமானாரோ நேரே சென்று அதில் அமர்ந்து விடுவார்கள். பெரிய தந்தைமார் இழுத்து அப்புறப்படுத்த முயன்றால், "என் மகனை விட்டு விடுங்கள்" என்ற பொருள்படச் சொல்லி, பாட்டனார் அருகில் இருத்திக் கொண்டு முதுகைத் தடவிக் கொடுப்பாராம். எட்டு வயதில் அந்தப் பாட்டனாரும் மறைந்தார். ஆனால் மறையும் முன் பேரரை யார் வளர்ப்பது என்பதைத் தீர்மானித்து, அப்துல்லாஹ்வின் உடன்பிறந்த சகோதரர் அபூதாலிபிடம் ஒப்படைத்து விட்டே கண் மூடினார். இந்தக் கடைசிச் செயலை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். பின்னர் இதற்குத் திரும்ப வருவோம்.

ஹிஜ்ரி 8இல், ஹுனைன் போர்க்களத்தில் படை சிதறிய வேளையில், பெருமானார் (ஸல்) அவர்கள் தம்மை அப்துல் முத்தலிபின் வழிவந்தவரென்றே முழங்கினார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பின்னும் பாட்டனாரின் பெயர் அந்த நாவில் நின்றது.

பாட்டனாராகப் பெருமானார்

மகளார் ஜைனப் (ரலி) அவர்களின் குழந்தை உமாமாவைச் சுமந்தபடியே நாயகம் (ஸல்) அவர்கள் தொழுதிருக்கிறார்கள். ஸுஜூதுக்குச் செல்லும்போது கீழே இறக்குவார்கள். நிலைக்கு எழும்போது தூக்கிக் கொள்வார்கள். பேரர் ஹஸன் (ரலி) அவர்களை முத்தமிட்டதைக் கண்டு, தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று அக்ரஃ இப்னு ஹாபிஸ் சொன்னபோது, இரக்கம் காட்டாதவருக்கு இரக்கம் கிட்டாது என்று விடையளித்தார்கள்.

இவ்வளவு பாசம் கொண்ட பாட்டனார் கண்டிப்பைக் கைவிட்டார்களா? இல்லை. ஸதக்காவாக வந்த பேரீச்சம்பழங்களில் ஒன்றை ஹஸன் (ரலி) சிறு பிள்ளையாக இருந்தபோது எடுத்து வாயில் போட்டார்கள். அது நபியின் குடும்பத்தாருக்கு ஆகாதது. உடனே துப்பச் சொன்னார்கள். காரணத்தையும் எடுத்துச் சொன்னார்கள். ஒரே ஒரு பழம்தானே, குழந்தைதானே என்று விட்டு விடவில்லை. பேரன் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்து, வாப்பா திட்டினால் தடுத்து நிற்பதே பாசம் என்று எண்ணும் பாட்டன் பாட்டிமார் இதனைச் சிந்திக்க வேண்டும்.

வீடே மதரஸாவாக இருந்த காலம்

நம் குமரி மாவட்டத்தில் தேங்காப்பட்டணம், குளச்சல், தக்கலை, திருவிதாங்கோடு, கோட்டாறு, இடலாக்குடி என எந்த ஊரை எடுத்துக் கொண்டாலும், முற்காலத்துப் பெண்களில் பலர் பள்ளிக்கூடப் படி ஏறாதவர்கள். ஆயினும் மார்க்கம் அறியாதவர்கள் அல்லர். தமிழ் முஸ்லிம் பெண்களிடையே தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழ் பரவியிருந்தது. கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் இயற்றிய 'மஃகானீ' போன்ற நூல்கள் அந்த எழுத்தில்தான் வீடுகளுக்குள் சென்றன. தொழுகை, நோன்பு, சுத்தம் ஆகியவற்றின் சட்டங்களைப் பெண்கள் அவற்றிலிருந்து கற்றனர், பேரப்பிள்ளைகளுக்குக் கற்பித்தனர்.

தக்கலையில் அடங்கியிருக்கும் பீர்முஹம்மது அப்பா அவர்கள் தென்காசியில் பிறந்து, நெசவுத் தொழில் செய்து வாழ்ந்த ஞானி. மக்கள் அவர்களை 'அப்பா' என்று உறவு சொல்லியே அழைக்கிறார்கள். ரஜப் மாதத்தில் அவர்களுடைய 'ஞானப்புகழ்ச்சி' தக்கலையில் இரவெல்லாம் பாடப்படுகிறது. பெரியவர்கள் பாடக் கேட்டுக் கேட்டே இளையவர்கள் அதனைப் பழகினார்கள்.

மகரிப் பாங்கு சொன்னதும் விளையாட்டை நிறுத்தி, கால் கழுவி உள்ளே வருவது. பிஸ்மி சொல்லிச் சோற்றில் கை வைப்பது. விருந்தாளி வந்தால் ஸலாம் சொல்வது. வெள்ளி இரவில் யாஸீன் ஓதுவது – இவற்றைப் பெரும்பாலும் நமக்குக் கற்றுத் தந்தவர்கள் யார்? பிழைப்பு தேடிப் போன வாப்பாவா? அடுப்படியில் ஓயாது நின்ற உம்மாவா? வாப்பும்மாவும் உம்மும்மாவும்தானே! இன்று வளைகுடா நாடுகளில் உழைக்கும் தந்தைமாரின் பிள்ளைகள் பலருக்கும் உப்பாதான் அன்றாடத் தந்தை. செல்போன் திரையில் வரும் வாப்பா பாசம் காட்டலாம். ஸுப்ஹுக்குத் தட்டி எழுப்ப உப்பாவின் கைதான் வேண்டியிருக்கிறது.

பாட்டிக்குரிய பங்கு

பாட்டனார் பாட்டிமாரை மார்க்கம் பாசத்தோடு மட்டும் நிறுத்தவில்லை. சொத்திலும் இடம் கொடுத்திருக்கிறது. அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஒரு பாட்டி வந்து, இறந்துபோன பேரப்பிள்ளையின் சொத்தில் தமக்குரிய பங்கைக் கேட்டார். திருமறையில் அதற்கு வெளிப்படையான பங்கு தமக்குத் தெரியவில்லை என்று கூறிய கலீஃபா, தோழர்களிடம் விசாரித்தார்கள். பெருமானார் (ஸல்) பாட்டிக்கு ஆறில் ஒரு பங்கு கொடுத்ததைத் தாம் கண்டதாக முகீரா இப்னு ஷுஃபா (ரலி) சொன்னார்கள். வேறு யாரேனும் சாட்சி உண்டா என்று கேட்க, முஹம்மது இப்னு மஸ்லமா (ரலி) எழுந்து உறுதி செய்தார்கள். பங்கு கொடுக்கப்பட்டது. உமர் (ரலி) காலத்தில் மற்றொரு வழிப் பாட்டி வந்து கேட்டபோது, இருவரும் இருந்தால் அந்த ஆறில் ஒன்றையே பகிர்ந்து கொள்ள வேண்டுமெனத் தீர்ப்பாயிற்று.

இறந்தவரின் தாய் உயிருடன் இருந்தால் பாட்டிக்குப் பங்கு இல்லை. தாய் இல்லாதபோது அவர் அவ்விடத்தில் நிற்கிறார். அவ்வாறே, தந்தை இல்லாதபோது தந்தையின் தந்தை வாரிசாகிறார். ஒரு முதியவளின் கேள்விக்காக ஒரு கலீஃபா சாட்சி தேடினார்கள் என்றால், நம் வீட்டு மூலையில் இருக்கும் முதியவளின் சொல்லுக்கு நாம் தரும் மதிப்பு எவ்வளவு?

தந்தையை இழந்த பேரனுக்கு

இனி முக்கியமான ஒரு செய்தி. தந்தைக்கு முன் மகன் இறப்பது நம் கடலோர ஊர்களுக்குப் புதிதன்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையையும், 2017இன் ஒக்கிப் புயலையும் இம்மாவட்டம் மறக்காது. அப்படி இறந்த மகனின் பிள்ளைகளுக்கு, பாட்டனார் இறக்கும்போது வேறொரு மகன் உயிருடன் இருந்தால், மீராஸில் பங்கு வராது. இதைப் பலரும் காலம் கடந்த பின்பே அறிகிறார்கள்.

மார்க்கம் அப்பிள்ளைகளைக் கைவிட்டு விட்டதா? இல்லை. வாரிசு அல்லாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் செய்ய அனுமதி இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு: மனைவியை இழந்த ஒருவருக்கு 90 சென்ட் தென்னந்தோப்பு; கடன் இல்லை. உயிருடன் ஒரு மகன், ஒரு மகள்; இறந்த மகன் வழியில் இரு பேரர்கள். அவர் ஏதும் செய்யாமல் இறந்தால் மகனுக்கு 60 சென்ட், மகளுக்கு 30 சென்ட், பேரர்களுக்கு ஒன்றுமில்லை. பேரர்களுக்கென 30 சென்ட் வஸிய்யத் செய்திருந்தால், அது போக எஞ்சிய 60இல் மகனுக்கு 40, மகளுக்கு 20. யாருக்கும் அநீதி இல்லை; அனாதைகளுக்கு நிற்க ஓரிடம் உண்டு.

எகிப்தில் 1946லும் பாகிஸ்தானில் 1961லும் இதற்கெனச் சட்டம் செய்தார்கள். நம் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லை. ஆகவே இது பாட்டனாரின் கையில்தான் இருக்கிறது. உயிருடன் இருக்கும்போதே, ஊர் ஆலிம் ஒருவரைக் கலந்து, எழுதி, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி வைப்பது நல்லது. மற்ற மக்களை அழைத்து விஷயத்தைச் சொல்லி விடுவது அதனினும் நல்லது. நாளை மனக்கசப்பு வராது. அப்துல் முத்தலிப் தம் அனாதைப் பேரரை ஒப்படைத்து விட்டே கண் மூடினார் என்பதை மேலே கண்டோமல்லவா?

எனவே சகோதர சகோதரிகளே! பெரியவர்கள் இருக்கும் வீட்டில் பிள்ளைகளை ஒரு நாளில் சிறிது நேரமேனும் அவர்களருகே உட்கார வையுங்கள். அவர்களுக்குத் தெரிந்த துஆக்களையும் குடும்ப வரலாற்றையும் எழுதி வையுங்கள். மறைந்தவர்களுக்காகத் தொழுகைக்குப் பின் கையேந்துங்கள். பெரியவர்களே! நீங்கள் விட்டுச் செல்லும் தோப்பில் மட்டுமன்றித் தொழுகையிலும் பேரர்கள் பங்கு பெறட்டும். தந்தையை இழந்த பேரன் உங்கள் வீட்டில் இருந்தால், வஸிய்யத்தை நாளைக்கென்று தள்ளி வைக்காதீர்கள்.

நம் முன்னோர்களின் பிழைகளை வல்ல அல்லாஹ் பொறுத்து, நம் சந்ததிகளைக் கண்குளிர்ச்சியாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.