சுவருக்குப் புட்டி பூசும் முன்

1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பின் மலையகத்தை விட்டுப் போன நம் சொந்தங்கள் பலர் கிளிநொச்சியில் குடியேறினார்கள். கண்டாவளைப் பக்கம் தர்மபுரத்திலும் நம்மவர்கள் உண்டு. 2009இல் யுத்தம் முடிந்தபின் இந்திய வீட்டுத்திட்டத்தில் குடும்பத்துக்கு 550,000 ரூபாய் கிடைத்தது. சுவர் எழும்பியும் பூச்சுக்குக் காசு போதாமல் நின்ற வீடுகள் அங்கே பல. அதனால் உட்சுவருக்குப் புட்டி பூச நாமே பழகினால் மேசன் கூலி மிச்சம்.

அங்கே வெயில். காய்ந்த சுவர் தண்ணியைச் சட்டென உறிஞ்சினால் சீமெந்துப் புட்டி மாவாய் உதிரும். தண்ணி தெளித்துவிட்டுத்தான் பூச வேண்டும். நம்ம லயத்தில் கதையே வேறு. ஈரம் ஊறிய சுவரில் பூசினால் கொப்பளித்து உரியும். முதலில் கூரை ஒழுக்கை அடையுங்கள், பின்பக்கக் கானைத் துப்புரவாக்குங்கள், சுவர் காயட்டும். புதுச் சீமெந்துப் பூச்சு என்றால் நாலு கிழமை பொறுங்கள்.

பழைய சுண்ணாம்பைச் சுரண்டித் தூசி தட்டுங்கள். தண்ணியில் மாவைப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழையுங்கள். இறுகியதில் மறுபடி தண்ணி விடாதீர்கள். ஒரே தடவை தடிப்பாக அப்பினால் வெடிக்கும். மெல்லிசாக இரண்டு தடவை, முதல் தடவை காய்ந்தபின் அடுத்தது. இரவில் டோர்ச்சைச் சுவரோரமாகப் பிடித்தால் மேடுபள்ளம் தெரியும். மட்டத்தாள் தேய்க்கும்போது மூக்கைத் துணியால் கட்டுங்கள், பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள்.