கறுப்புத் திரையில் ஒரு கடிதம்

1997-இல் எனக்கு வாய்த்த முதல் மின்னஞ்சல், அன்றைய இணையச் சேவை நிறுவனமான விஎஸ்என்எல்லின் ஷெல் கணக்கு. மாணவர்களுக்கு 500 ரூபாய். படம் கிடையாது, மவுஸ் கிடையாது. மோடம் கூவி முடித்ததும் கறுப்புத் திரையில் பைன் என்ற மின்னஞ்சல் நிரல் திறக்கும். இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் கழியும் என்பதால், கடிதத்தை முன்கூட்டியே நோட்பேடில் அடித்து வைப்பேன். இணைந்ததும் ஒட்டி, கன்ட்ரோல்-எக்ஸ் தட்டி அனுப்பிவிட்டு உடனே லைனைத் துண்டிப்பேன்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் நாளன்று அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது. மயிலாப்பூரில் கரண்ட் இல்லை. போனில் டவர் ஒரு கோடு வரும், போகும். பிரவுசரில் ஜிமெயில் வட்டம் சுற்றியபடியே நின்றது. லேப்டாப்பில், கடிதங்களை டிஸ்க்குக்கு இழுத்து வரும் எம்பிசிங்க் என்ற நிரலை ஓட்டினேன். பெரிய இணைப்புள்ள கடிதங்களை இழுக்க வேண்டாம் என்று அதில் அளவு வரம்பு வைத்திருந்தேன். டவர் வந்த இரண்டு நிமிடத்தில் மற்றக் கடிதங்கள் எல்லாம் டிஸ்க்கில் இறங்கிவிட்டன. மட் என்ற டெர்மினல் மின்னஞ்சல் நிரலைத் திறந்து ஆற அமரப் படித்தேன். அடையாறு அத்தை எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறார் என்று சிங்கப்பூரில் இருக்கும் அவர் மகனுக்கு நாலு வரி எழுதினேன். கடிதங்களை அனுப்பும் எம்எஸ்எம்டிபி நிரலோடு வரும் வரிசை ஸ்கிரிப்ட் அதைப் பிடித்து வைத்துக்கொண்டது. அடுத்த முறை டவர் வந்ததும் வரிசையைத் தள்ளிவிட்டேன், போய்விட்டது.

இந்த மூன்று நிரல்களையும் அமைக்க ஒரு மாலைப்பொழுது போதும். ஜிமெயிலில் வழக்கமான பாஸ்வேர்டு இதற்குச் செல்லாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு வாங்க வேண்டும். அதை அமைப்புக் கோப்பில் அப்படியே எழுதாதீர்கள். ஜிபிஜி என்ற மறையாக்க நிரலில் பூட்டி வைத்து, தேவைப்படும்போது எடுக்கச் சொல்லுங்கள்.

இதே மட்டைத் தானாகக் கடிதம் அனுப்ப வைத்தபோது எனக்குச் சூடு போட்டது தி.நகர் கடை ஒன்றின் சர்வர். இரவு பேக்கப் முடிந்ததும் அறிக்கையை இணைத்து முதலாளிக்கு அனுப்ப குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் ஒரு வரி எழுதினேன். மட்டில் கோப்பை இணைத்தால், முகவரிக்கு முன் இரண்டு சிறுகோடுகள் தனியாக நிற்க வேண்டும். விட்டால் முகவரியையும் ஒரு கோப்பு என்று எண்ணித் தேடும். நான் விட்டுவிட்டேன். பிழைச்செய்தி யார் கண்ணிலும் படவில்லை. ஒரு மாதம் அறிக்கையே போகவில்லை. "என்ன சார், மெயிலே வரலியே?" என்று முதலாளி கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. திருத்திய பிறகு கடிதம் போனது, ஆனால் தமிழ்த் தலைப்பு முழுக்கக் கேள்விக்குறிகள்! என் திரையில் இருந்த மொழி அமைப்பு கிரானுக்குக் கிடைக்கவில்லை. கிரான் பட்டியலின் தலையில் யுடிஎஃப்-8 மொழி அமைப்பை ஒரு வரி சேர்த்ததும் எழுத்து சரியாகிவிட்டது. அன்றிலிருந்து, தானாகப் போகும் எந்தக் கடிதத்துக்கும் ஒரு நகல் எனக்கும் வரும். காலையில் காபியோடு அதைப் பார்த்துவிட்டுத்தான் மறு வேலை.

டெர்மினலில் தமிழ் படிப்பது பரவாயில்லை. எழுதுவதுதான் பாடு. கொம்பும் காலும் சேரும் இடத்தில் கர்சர் ஓரிடம் நிற்கும், எழுத்து வேறிடம் விழும். மட்டை விட வேண்டாம். எழுதும் எடிட்டராக ஜன்னலில் திறக்கும் ஒன்றைக் கொடுத்து, மூடும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். அத்தைக்கு இப்போது அப்படித்தான் எழுதுகிறேன்.