சுடுமல்லியும் சோள வேரும்

அன்புள்ள தம்பிக்கு,

புதூரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. “அம்மாவுக்கு மார்புல கட்டி எடுத்து நாலு வருசமாச்சு. இப்ப முதுகெலும்புல இருக்குங்கிறாக. எப்படிப் போச்சு? ஏன் அங்க போச்சு?” என்று கேட்டிருக்கிறீர்கள். எப்படி என்பதற்குப் பதில் சுலபம்: ரத்தத்தோடு போயிற்று. ஏன் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

1889இல் லண்டன் டாக்டர் ஸ்டீபன் பேஜட்டும் இதைத்தான் கேட்டார். மார்புப் புற்றில் இறந்த 735 பேரின் குறிப்புகளைப் புரட்டினார். 241 பேருக்குக் கல்லீரலில் பரவியிருந்தது. மண்ணீரலில் பரவியது 17 பேருக்கு. இரண்டுக்கும் ரத்தம் போகத்தான் செய்கிறது. விதை எங்கே விழுந்தாலும் தோதான மண்ணில்தான் முளைக்கும் என்று எழுதினார். கரிசல்காட்டுச் சம்சாரியிடம் கேட்டிருந்தால் அவருக்கு இவ்வளவு மெனக்கேடு இருந்திருக்காது.

எனக்கென்னவோ சோளக்காட்டுச் சுடுமல்லிதான் நினைவுக்கு வருகிறது. அதன் விதை பொடிப்பொடியாக மண்ணுக்குள் வருசக்கணக்கில் கிடக்கும். சோள வேர் கசியவிடும் ஒரு ரசாயனம் பட்டதும் முளைத்து, அந்த வேரிலேயே ஒட்டி உறிஞ்சும். பயிர் பேசுவதைக் களை ஒட்டுக்கேட்கிறது.

எலும்பிலும் அப்படித்தான். மஜ்ஜை தன் செல்களை வரவழைக்க ஒரு ரசாயனத்தைச் சுரக்கிறது. அதை மோப்பம் பிடிக்கும் ஏற்பி பல மார்புப் புற்றுசெல்களிலும் இருக்கிறது. வந்து உட்கார்ந்த பிறகு பேச்சு தொடங்குகிறது. நம் எலும்பில் இடிக்கிற செல்லும் கட்டுகிற செல்லும் ஓயாமல் மராமத்துப் பார்ப்பவை. புற்றுசெல், பாராதைராய்டு ஹார்மோனைப் போன்ற ஒரு புரதத்தை விடுகிறது. கட்டுகிற செல் அதை நம்பி, இடிக்கிற செல்லுக்குத் தாக்கல் அனுப்புகிறது. எலும்பு கரைகிறது. அதற்குள் புதைந்திருந்த வளர்ச்சிக் காரணிகள் வெளியே கொட்டுகின்றன. அவற்றைக் குடித்துப் புற்றுசெல் பெருகும்; மறுபடியும் அதே புரதத்தை விடும். வீட்டுக்காரனின் கொத்தனாரை வைத்தே வீட்டை இடிக்கிற கதை.

அம்மாவுக்கு டிரிப்பில் ஏற்றும் சோலெட்ரானிக் அமிலம் சத்து மருந்தா என்று கேட்டிருந்தீர்கள். அது எலும்பில் போய்ப் படிந்து, அரிக்க வருகிற அந்த இடிக்கும் செல்லை முடக்குகிற மருந்து. புற்றை ஒழிப்பதற்கு வேறு சிகிச்சை உண்டு, அது தனியே நடக்கும். இந்த டிரிப்பால் வலி தணியும், எலும்பு முறிகிற ஆபத்து குறையும்.

ஒரு விசயம். இந்த மருந்து ஏறுகிற காலத்தில் பல்லைப் பிடுங்கினால் சிலருக்குத் தாடை எலும்பு ஆறாமல் போய்விடும். அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் ஆடுகிறது என்று கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை யாரும் தொட வேண்டாம். அடுத்த டிரிப்புக்கு முன்னால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
கோவில்பட்டியிலிருந்து உங்கள் அண்ணன்